மஞ்சள் கேள்விக்குறி

ராக்கையாவுக்குக் காது போய்விட்டது என்று குளிர்க் கிட்டங்கி முழுக்கப் பேச்சாகிவிட்டது. போகவில்லை என்று தெரிந்த ஆள் ஒருவன்தான். கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் விஜயபாண்டி. அவன் வாயைத் திறக்கவில்லை.

கிட்டங்கி இருப்பது காமயக்கவுண்டன்பட்டி ரோட்டில். அறை அறையாகத் திராட்சைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அறைக் குளிரைக் கவனிக்க ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது, விண்டோஸ் 98. எந்த அறையில் சூடு ஏறினாலும் அது கத்தும். அந்தச் சத்தம் வெளியே கேட்பதற்காக, திருவிழாவுக்குக் கட்டுகிற கொழாய் ஸ்பீக்கரில் சின்னதாக ஒன்றைத் தகரக் கூரைக்குக் கீழே கட்டியிருந்தார் மொதலாளி தமிழ்மாறன். கொழாய் கத்தினால் ராக்கையா எங்கே நின்றாலும் ஓடிவந்து, நின்றுபோன கம்ப்ரசரைத் திரும்ப ஓடவிடுவார். அதுதான் அவர் வேலை. மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்த பிறகு கிடைத்த நிழல் வேலை.

சித்திரை மாசத்து இடியில் அந்தக் கம்ப்யூட்டர் வெந்துபோனது. குளிர் பார்க்கிற புரோகிராமை எழுதிக் கொடுத்த ஆட்கள் கடையை மூடிவிட்டுப் போயே பல வருசம். புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் புரோகிராம் ஓட மாட்டேன் என்றது. விஜயபாண்டி யோசித்து, புது மெஷினுக்குள்ளேயே ஒரு பொய் மெஷினை உண்டாக்கி, அதற்குள் பழைய 98-ஐக் குடிவைத்தான். விர்ச்சுவல் மெஷின்.

"மாடி வீட்டுக்குள்ள குடிசை போட்ட மாதிரி மொதலாளி" என்று விளக்கினான்.

"எதையோ போடு. திராச்ச அழுகாம இருந்தாச் சரி."

குடிசையில் இருப்பவனுக்கு மாடி வீடு தெரியாது. ஸ்கிரீன், மவுஸ், சவுண்டு எல்லாமே 98-க்குப் புது முகங்கள். ஒவ்வொன்றுக்கும் டிரைவர் என்கிற சின்னப் புரோகிராமைப் போட்டு அறிமுகப்படுத்த வேண்டும். செத்துப்போன சிஸ்டத்துக்கு எவன் டிரைவர் வைத்திருக்கிறான்? பொய் மெஷினைக் கொடுத்த கம்பெனியே 98-க்கு நாங்கள் எதுவும் தருவதில்லை என்று கைவிரித்திருந்தது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் இன்டர்நெட்டில் போட்டுவைத்ததைத் தேடி எடுத்து ஸ்கிரீனைச் சரிசெய்தான் விஜயபாண்டி. மொதலாளி கண்ணுக்குப் படுவது அதுதானே. சவுண்டுக்கு நேராக மட்டும், இது யாரென்றே தெரியவில்லை என்று மஞ்சள் கேள்விக்குறி நின்றது. கையில் இருந்த டிரைவரைப் போட்டான். 98 நீலமாகி உறைந்துபோனது. டிரைவரைக் கழற்றியதும் எழுந்துகொண்டது, அதே கேள்விக்குறியோடு.

அந்த நேரம் பார்த்து தங்கச்சி நாகஜோதி போனுக்கு மேல் போன். மயிலாடும்பாறையில் அவள் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்தல்லவா குத்த வேண்டும்? "ஆசாரி வந்து உக்காந்திருக்காக. ஒன் மடிய மட்டுமாவது அனுப்பி வையிண்ணே" என்று கத்தினாள்.

சவுண்டு என்ன, பாட்டுக் கேட்கத்தானே என்று கேள்விக்குறியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். வாசலில் ராக்கையா மறித்தார்.

"தம்பி, பழசு மாதிரி இதுவும் கத்துமா?"

"எல்லாம் கத்தும்ணே."

"ஒரு தடவ கத்த வச்சுக் காட்டிட்டுப் போயேன்."

"சும்மா கத்தச் சொன்னாக் கத்துறதுக்கு அது என்ன சேவலாண்ணே? சூடு ஏறுனாத் தன்னால கத்தும்."

ராக்கையா சிரித்துவிட்டார். கத்துமா என்று அவர் கேட்டபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது, அந்தக் கொழாய்க்குச் சத்தம் கேள்விக்குறி வழியாகத்தான் போகவேண்டும் என்று. தெரிந்தே பஸ் ஏறினான். வந்து பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கே என்ன குடியா முழுகிவிடும்?

முழுகிவிட்டது. பிள்ளை அவன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுத அதே பகலில், வோல்டேஜ் குறைந்து ஒரு கம்ப்ரசர் நின்றது. பக்கத்துக் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ராக்கையா வாசலில் காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கதவைத் திறந்தால் திராட்சை வேர்த்து, காம்பு கறுத்துக் கிடந்தது.

மறுநாள் மொதலாளி விஜயபாண்டியை வரச்சொன்னார். ஸ்கிரீனில் சிவப்பெழுத்து மின்னிக்கொண்டிருந்தது. அலாரம் அடித்ததாகத்தான் புரோகிராம் நினைத்துக்கொண்டிருந்தது.

"பொட்டி கத்தியிருக்கா இல்லையா?" என்றார் தமிழ்மாறன்.

"புரோகிராம்... அடிச்சிருக்கு மொதலாளி."

சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவனைப் பிறகு தின்றது.

"ஏலே ராக்கையா, ஊருக்கே கேக்குற கொழா, ஒனக்குக் கேக்கலயாக்கும்? காதுல என்ன ஈயத்தக் காச்சி ஊத்தியிருக்கா?"

ராக்கையா காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார். "கம்ப்ரசர் பக்கத்துலயே கெடந்து காது போச்சு போல மொதலாளி" என்றார். யாரும் சொல்லாமல் அவராகவே சொன்னார். அன்றே லோடு ஏற்ற அனுப்பிவிட்டார்கள்.

ராக்கையாவின் மனைவி ஜக்கம்மா, பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி அவர் காதில் ஊற்றுகிறாள் என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். அவரும், பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டாராம்.

விஜயபாண்டி கடையை அடைத்துப் போட்டுவிட்டு, சவுண்டுக்கு வழி தேடினான். வழி வெளியே எங்கும் இல்லை. பொய் மெஷினின் செட்டிங்கில் புது சவுண்டு கார்டை மாற்றிப் பழைய கார்டு என்று வைத்தால் போதும். அதற்கு டிரைவர் 98-இன் சிடியிலேயே இருந்தது. அந்த சிடி அவன் மேசை டிராயரில்தான் கிடந்தது. அன்றைக்கு அடுத்த பஸ்ஸில் போயிருந்தால் முடிந்திருக்கும்.

வைரஸ் பார்க்க வந்தேன் என்று சொல்லி ஒரு மத்தியானம் கிட்டங்கிக்குப் போனான். மொதலாளி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். கார்டை மாற்றினான். சிடியைப் போட்டான். கேள்விக்குறி மறைந்தது. சத்தமில்லாமல் முடித்துவிட்டு நழுவிவிடலாம். ஆனால் இந்த முறையும் கத்த வைத்துப் பார்க்காமல் போவதற்கு அவனுக்கு மனசு துணியவில்லை. அலாரம் அடிக்க வேண்டிய சூட்டு அளவைக் குறைத்து வைத்தான்.

கொழாய் வீறிட்டது.

லாரிப் பக்கம் பெட்டி விழுந்து உடைகிற சத்தம். ராக்கையா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். நேராகக் கம்ப்ரசரிடம் போனார். அது ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி விஜயபாண்டியைப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"கேட்டுச்சு தம்பி! எனக்குக் கேட்டுச்சு! ஜக்கம்மா ஊத்துன எண்ணெ வேல செஞ்சிருச்சு!"

எண்ணெய் என்றே இருக்கட்டும். ஒரு சொல் சொல்ல வேண்டாம், அவருக்கும் சந்தோசம், நமக்கும் பிழைப்புப் போகாது. விஜயபாண்டி தலையை ஆட்டக்கூடச் செய்தான். அப்போதுதான் கவனித்தான். ராக்கையா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெ இல்லண்ணே" என்று அவர் காதோரம் குனிந்து சொன்னான். "ஒங்க காதுக்கு ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு இது கத்தவே இல்ல. நான் சவுண்ட சரிபண்ணாமப் போயிட்டேன்."

பல் மறைந்தது. "கத்துமான்னு கேட்டேனே."

"கேட்டீக."

"சேவலான்னு கேட்ட."

ராக்கையா அவன் காதுக்கே வாயைக் கொண்டுவந்தார்.

"வீட்ல என் பொண்டாட்டி கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போயிக் கெடக்காடா. நானும் செவிடன் மாதிரியே ஆகிட்டேன். மொதலாளிகிட்ட நானே சொன்னேன், காது போச்சுன்னு. நீ இங்கனதான நின்ன?"

சத்தத்தை நிறுத்த விஜயபாண்டியின் கை மவுஸுக்குப் போனது.

"கைய எடு" என்றார் ராக்கையா. "மொதலாளி வர்ற வரைக்கும் அது கத்தட்டும்."

ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கொழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்தார். லோடுமேன்கள் காதைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் பொத்தவில்லை. அவனையும் பார்க்கவில்லை.

தமிழ்மாறனின் பைக் கேட்டுக்குள் நுழைந்தது. இறங்கும்போதே கையை ஆட்டி என்னமோ கேட்டார். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை நாள் முணுமுணுக்கக்கூடத் துணியாததை, இந்தக் கத்தலுக்கு மேலே கத்திச் சொன்னால்தான் அவர் காதில் விழும். விஜயபாண்டி எழுந்து வாசலுக்குப் போனான்.