துலுக்கானத்தின் அமெரிக்க வண்டி

ஐஸ் பெட்டியிலிருந்து துலுக்கானத்தைத் தூக்கி வாசல் பெஞ்சில் கிடத்தும்போது, கால்பக்கம் பிடித்திருந்த கூட்டாளி பால்ராஜ், "இன்னா கனம் கனக்கறான் மாமே! நேத்து ஓட்டுன அமெரிக்கா வண்டிய வயித்துக்குள்ள வச்சிகினு போறான் போல கீது," என்றார். தூக்கியவர்கள் சிரித்துவிட்டார்கள். அழுதுகொண்டிருந்த பெண்களிலும் இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நாகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து இதே பேச்சு. மாலையோடு வருகிற ஒவ்வொருவரும், "நேத்துகூட அமெரிக்கா வண்டி ஓட்டுனேன்னு தெருவெல்லாம் அளந்துகினு போனாரே," என்றுதான் ஆரம்பித்தார்கள். புருஷன் கடைசியாகச் சொன்னது மெய்யா பொய்யா என்று அவளுக்கே தெரியவில்லை. மெய்தான் என்று ஒரு வார்த்தை சொல்லி அத்தனை வாயையும் அடைக்க வேண்டும் போலிருந்தது. எதை வைத்துச் சொல்வது?

துலுக்கானம் சொன்ன பொய்களை வரிசையில் நிறுத்தினால் மண்ணூர்பேட்டையில் தொடங்கி அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றிக்கொண்டு ஆவடி வரை போகும். ஆவடியிலும் இடம் போதாது. கம்பெனியில் அவர் லேத்தில் சீவிய இரும்புச் சுருளை நீட்டிவிட்டால் அதன்மேல் ரயிலே ஓடுமாம். ரிடையரான பிறகு ஷோரூம் ஷோரூமாகப் போய் டெஸ்ட் ரைடு கேட்பதுதான் உத்தியோகம். ஒன்றையும் வாங்கியதில்லை. தூரத்தில் அவருடைய டிவிஎஸ் ஃபிப்டி சத்தம் கேட்டாலே அம்பத்தூர் சேல்ஸ்மேன்கள் சாவிகளைப் பூட்டிவைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள், காலை பத்து மணியாக இருந்தாலும்.

நேற்று ஞாயிறு. வேலப்பன்சாவடியில் ஹைவே ஓரத்து மைதானத்தில் அமெரிக்க மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம் என்று எவனோ சொல்லியிருந்தான். மகன் அரவிந்தனின் கல்யாண ஷூவை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல பேண்டின் வலது காலை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். சைக்கிள் செயின் கடித்துவிடும் என்று மடித்த காலத்துப் பழக்கம். பஸ்ஸில் போனாலும் அந்தக் கால் மடிந்துதான் இருக்கும்.

"அமெரிக்காக்காரன் பாத்தா இன்னா நெனப்பான்? எறக்கி உடுயா," என்று நாகவல்லி கத்தினாள்.

"என்னப் பாத்து அவனும் மடிச்சிக்குவான் பாரு."

திரும்பி வந்தவர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"நாகு! ரெண்டு வண்டி ஓட்டுனேன். ஒரு சின்னது, ஒரு பெருசு. சின்னதே நம்ம பீரோவப் படுக்கப் போட்ட மாரி கீது. அது வண்டியே இல்ல, ஈசி சேருக்கு சக்கரம் வச்சிக்கீறான். காலை முன்னால நீட்டிக்கணும். நான் வேலப்பன்சாவடில குந்திகினு கீறேன், என் காலு நசரத்பேட்டைல கீது!"

"ஐயே. அங்கேருந்து காலை யாரு தூக்கியாந்தது?"

"கேளு. பெருச ஸ்டார்ட் பண்ணேன். டொப்பு... டொப்புடொப்புனு, மேளக்காரன் தூக்கத்துல அடிக்கற மாரி நின்னு நின்னு ஒரு சத்தம். எதிர்க்க டீக்கடைல கிளாசுங்க எல்லாம் தானா நடந்துபோயி கழுவற தொட்டில எறங்கிடுச்சி. லேசாத்தான் முறுக்குனேன். பூந்தமல்லி எழுந்து என்னாண்ட ஓடியாந்துச்சி! ஆனா திருப்பறதுதான் பேஜாரு. எருமைய சந்துல திருப்பற மாரி. திருப்பி முடிக்கறதுக்குள்ள எனக்குத் தாடி வளந்துடுச்சி. சிக்னல்ல நின்னா கீழேருந்து சூடு, இட்லி குண்டான் தோத்துது. காலு வெந்துபோச்சி. பர்னால் எங்க வச்ச?"

உள்ளேயிருந்து அரவிந்தன் குரல் வந்தது. "நைனா, நம்ம மூஞ்சிக்கு அந்த வண்டியத் தொடக்கூட உடமாட்டான். சும்மா சுத்திப் பாத்துட்டு வந்துக்கீற."

மருமகள் காவ்யா கேட்டாள்: "போட்டோ எங்க மாமா?"

"ஓட்டறதா, போட்டோ எடுக்கறதா? ரெண்டு கையும் அமெரிக்காவப் புடிச்சிகினு கீது."

நாகவல்லியும் சேர்ந்து சிரித்தாள். "கதைக்கெல்லாம் பர்னால் கெடையாது. கையக் கழுவிகினு துன்ன வாயா."

அவர் மறுபடி கேட்கவில்லை. லுங்கிக்கு மாறினார், சாப்பிட்டார், படுத்த பிறகும் டொப்பு டொப்பென்று வாயாலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் டீ டம்ளர் கையிலிருக்க, நாற்காலியில் சாய்ந்து, கால்களை முன்னால் நீட்டிய வாக்கில் போயிருந்தார். டீ சிந்தவில்லை.

"தங்கச்சி, வாம்மா. எண்ணெ வைக்கணும்," என்று பால்ராஜ் கூப்பிட்டார்.

சுற்றிலும் புடவை பிடித்து மறைத்திருந்தார்கள். இடுப்பில் துண்டோடு துலுக்கானம் கிடந்தார். வெளியே சாவு வண்டிக்காரன் என்ஜினை அணைக்காமலே ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான். மயானத்தில் அடுத்த ஆளுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்களாம்.

எண்ணெயும் சீயக்காயும் வைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி நனைந்து நெகிழ்ந்துவிட்டது. அதை இறுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை.

வலது கெண்டைக்காலின் உள்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து வழன்றிருந்தது. ஓரத்தில் ஒரு கொப்புளம். பேண்டை இறக்கிவிட்டிருந்தால் துணி தாங்கியிருக்கும். டிவிஎஸ் ஃபிப்டியின் சைலன்சர் அந்த உயரத்துக்கு எட்டவே எட்டாது.

"டேய் அரவிந்தா!" கொரட்டூர் ஸ்டேஷனில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். "இங்க வந்து பாருடா. உங்க நைனா ஓட்டிக்கீறாருடா!"

அரவிந்தன் குனிந்து பார்த்தான். பால்ராஜ் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பெருசுதான்," என்றார், பிறந்ததிலிருந்து அமெரிக்க வண்டியே ஓட்டியவர் மாதிரி. "சின்னது இவ்ளோ சுடாது."

"ரெண்டும் ஓட்டிக்கீறாரு," என்றாள் நாகவல்லி. "நசரத்பேட்டை வரிக்கும் போயிக்கீறாரு. டீக்கடைல கிளாசுங்க நடந்துக்கீது!"

புடவை மறைப்புக்கு வெளியே செய்தி வாய்மாறிப் போயிற்று. தெருமுனையைச் சேர்வதற்குள் துலுக்கானம் பெங்களூர் போய்த் திரும்பியிருந்தார்.

"காவ்யா, பீரோ மேல பர்னால் கீது. எடுத்தா."

"இப்ப இன்னாத்துக்கு..." என்று யாரோ இழுத்தார்கள். பால்ராஜ் அந்த ஆளின் கையைப் பிடித்து அழுத்தினார்.

நாகவல்லி ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். முந்தானையால் காலை ஒற்றியெடுத்தாள். டியூபைப் பிதுக்கி, மஞ்சள் மருந்தைக் கொப்புளம் உடையாமல் விரல் நுனியால் தடவினாள். குனிந்து ஊதினாள்.

பால்ராஜ் புது வேட்டியைப் பிரித்துக்கொண்டு வந்தார்.

"இருங்கண்ணே," என்றாள். "காயட்டும்."

வேட்டியை விரித்துப் பிடித்தபடியே நின்றார்கள். வெளியே வண்டிக்காரன் என்ஜினை அணைத்தான்.