ஓர்வல் காதால் தேர்ந்தெடுத்த துப்பாக்கி

டப் தன் பரிசைக் கொண்டுவந்து வைத்த இடம் சரியில்லை. சாவு வீட்டுக்கென்று சர்ச்சுப் பெண்கள் குவித்துவிட்டுப் போயிருந்த பதார்த்தங்களுக்கு நடுவில், சீஸ் போட்ட உருளைக்கிழங்குத் தட்டத்துக்கும் வாட்டிய பன்றித்தொடைக்கும் இடையில், அந்த அட்டைப்பெட்டியைத் திறந்து வைத்தான். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. லவோன் கரண்டியைக் கீழே வைக்காமலேயே அதைப் பார்த்தாள். புருஷனைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. செருப்பில் ஒட்டிய ஓக்லஹோமாச் செம்மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"உனக்குத்தான்," என்றான் டப். "முந்நூத்தியெம்பது நம்பர் குண்டு. சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி. கைப்பையில போட்டா இருக்கிறதே தெரியாது."

"கலரைப் பார்த்தா பல் டாக்டர் குழந்தைக்குக் குடுக்கிற பிரஷ் மாதிரி இருக்கு."

"பொம்பளைங்களுக்குன்னே தனியா வருது லவோன். கடைக்காரன் சொன்னான்."

"அவனுக்கு எத்தனை பொம்பளைக் கை இருக்காம்?"

டப், செத்துப்போன ஓர்வலின் தம்பி. எழுபது வயது. அண்ணனைப் போலவே அவனும் நாற்பத்தைந்து நம்பர் துப்பாக்கிக்காரன். அந்த மலைப்பக்கத்தில் ஒரு ஆள் எந்தக் கட்சி, எந்தச் சர்ச் என்பதெல்லாம் பிறகு வரும். இடுப்பில் எத்தனாம் நம்பர் குண்டு என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். நாற்பது வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓர்வலின் வாசலில் கூடிய கூட்டம் இந்த ஒரே வழக்கைத்தான் விசாரித்தது, தீர்ப்பு மட்டும் வந்தபாடில்லை. ஓர்வல் எப்போதும் ஒரே கட்சி. "நாலுல ஆரம்பிக்காத எதையும் துப்பாக்கின்னு சொல்லாதே, பொம்மைன்னு சொல்லு" என்பார்.

மகன் கெண்டல் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டே உள்ளே வந்தான். பெட்டியை எட்டிப் பார்த்தான்.

"சித்தப்பா, இது எதுக்கு? இப்போ போலீஸெல்லாம் ஒம்பது மில்லி குண்டுதான். அதுவும் வேண்டாம். அம்மா ஞாயித்துக்கிழமை என்கூட டல்ஸாவுக்கு, என் வீட்டுக்கே வர்றாங்க."

"அப்படின்னு அம்மா சொன்னாளா?" என்றாள் லவோன்.

"அம்மா, ஷெரிஃப் இங்கே வந்து சேர நாப்பது நிமிஷம். பக்கத்து வீடுன்னு பேரு, ரெண்டு மைல். அப்பாவோட துப்பாக்கியை உன்னால இழுக்கக்கூட முடியாது. எவனாவது உள்ளே வந்துட்டா என்ன பண்ணுவே?"

லவோனின் காது சூடாயிற்று. அவனுக்குத் தெரியாது. ஒருத்தன் ஏற்கெனவே வந்துவிட்டுப் போயிருந்தான்.

ஆகஸ்டில் ஓர்வல் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அது நடந்தது. பட்டப்பகல். இவள் தக்காளி அலம்பிக்கொண்டிருந்தாள். திரும்பினால் சமையலறையில் ஒருவன் நிற்கிறான். ஆணியில் தொங்கிய ஓர்வலின் நாற்பத்தைந்தை எடுத்தாள். அதன் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் குண்டு ஏறும். மூட்டுவாதத்தில் முடிச்சு விழுந்த கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. இரண்டு தடவை இழுத்தாள், பாதி வந்து வழுக்கியது. அவன் சாவகாசமாக வேடிக்கை பார்த்தான். "கையைக் காயப்படுத்திக்காதீங்க பெரியம்மா," என்றான். ஓர்வலின் மரம் அறுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டான். போகும்போது கொசுவலைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். மெஷின் போனது போகட்டும், அந்த மரியாதையைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. மூன்று நாள் அழுதாள், ஆத்திரத்தில்.

ஓர்வலிடம் மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மேய்ச்சல் நிலத்தைப் பார்த்த ஜன்னலோரமாகக் கட்டில். மூக்கில் குழாய். விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"கொட்டகையில இருக்கிற எல்லாத்தையும் கொண்டா. குண்டுப் பெட்டியையும் கொண்டா."

"எதுக்கு?"

"நாப்பது வருஷமா ஊருக்கெல்லாம் யோசனை சொன்னேன். வீட்டுல ஒரு கை இருக்கிறதைப் பார்க்கலையே கிழவி."

அவருக்கு எழுந்து நிற்க முடியாது. அதனால் காதால் பார்த்தார். நிலத்தில், சுடுகிற இடத்திலிருந்து முப்பதடி தள்ளி, குறுக்குக் கம்பத்தில் ஐந்து இரும்புத் தட்டுகள் சங்கிலியில் தொங்கின. அவள் போய்ச் சுடுவாள், அவர் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்பார். வெடிச் சத்தம், பிறகு தட்டின் சத்தம், அடுத்த வெடிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது. முன்னே டாக்டர் குழாய் வைத்து அவர் மார்பைக் கேட்ட மாதிரி, அவர் அவள் கையைக் கேட்டார்.

நாற்பத்தைந்தை அவரே குண்டேற்றிக் கொடுத்தார். ஒரு வெடி. தட்டு மூச்சுவிடவில்லை. "அடுத்தது வர்றதுக்குள்ள நான் செத்துடுவேன் போலிருக்கே," என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. ஒன்பது மில்லியில் ஐந்துக்கு இரண்டு. டப் கொடுத்த மாதிரியே ஒரு குட்டித் துப்பாக்கி கொட்டகையிலும் இருந்தது. அதைச் சுட்டபோது தட்டுச் சத்தத்துக்குப் பதில் அவள் கத்தியதுதான் கேட்டது.

"சின்னதுதானே, இது ஏன் இப்படி உதைக்குது?" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"லேசா இருக்கிறதாலதான். கனமான துப்பாக்கி உதையில பாதியைத் தானே வாங்கிக்கும். லேசானது மொத்தத்தையும் உன் கையில குடுத்துடும். இது எங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் பொம்பளைங்களுக்கு இதைத்தான் வாங்கித் தருவோம்."

"புத்திசாலிங்கதான்."

மூன்றாம் நாள், தூண்டில் முள் பெட்டியின் அடியிலிருந்து அந்த முப்பத்திரண்டு ரிவால்வர் வந்தது. ஒரு படகுத் துடுப்புக்குப் பதிலாக எவனோ கொடுத்தது. முழுக்க இரும்பு. நீலச் சாயம் தேய்ந்து பல்லிளித்தது. சனிக்கிழமைக் கூட்டம் அதற்கு வைத்திருந்த பேர் 'அணில் பயமுறுத்தி'. ஆனால் எதையும் பின்னுக்கு இழுக்க வேண்டாம். உருளையைத் திறந்து ஆறு குண்டு போட்டு மூடினால் முடிந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ பேர் இழுத்துத் தேய்ந்த விசை, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வந்தது.

ஒன்று. டிங். இரண்டு. டிங்.

ஐந்தும் அடித்துவிட்டு அவள் நிலத்தில் அப்படியே நின்றாள். முதல் தடவை தன் கை தன் பேச்சைக் கேட்ட மாதிரி இருந்தது. உள்ளே ஓடினாள். ஓர்வல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

"கேட்டுதா?"

"கேட்டுது."

"உன் வாயாலயே சொல்லு. எது?"

அவருக்கு அது சுலபமில்லை. குழாயைச் சரிசெய்தார், போர்வையை இழுத்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"முப்பத்திரெண்டு," என்றார். "படாத நாப்பத்தஞ்சு வெறும் சத்தம். டப் கிட்ட சொல்லித் தொலைக்காதே."

அதன் பிறகு தினம் காலை பத்து மணிக்கு அவள் சுட்டாள், அவர் கேட்டார். பதினோரு நாள். கடைசி நாள் அவள் மாட்டேன் என்றாள். அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. "போ," என்றார், "நான் எங்கேயும் போயிட மாட்டேன்." ஐந்து வெடி, ஐந்து டிங். திரும்பி வந்து அவர் தலையணையைத் தூக்கி வைத்தாள்.

"உருளையில ஆறுல்ல இருக்கு? ஆறாவது என்னாச்சு?" என்று மெல்லக் கேட்டார்.

"அது மெஷின் எடுத்துட்டுப் போனானே, அவனுக்கு."

ஓர்வல் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, அவர் தூங்கிப்போனார். மத்தியானம் இரண்டரைக்கு, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே மூச்சு நின்றது. ஐம்பத்தோரு வருஷம் அவள் அந்த மனிதரோடு சண்டை போட்டிருக்கிறாள். அந்த நிமிஷம் அவரை நேசித்த அளவுக்கு எப்போதும் நேசித்ததில்லை.

இப்போது மகன் எதிரே நின்று, அவள் எந்த அறையில் தூங்கப்போகிறாள், எந்தப் பக்கம் கக்கூஸ் என்று டல்ஸா வீட்டை விவரித்துக்கொண்டிருந்தான். பாசத்தில்தான் சொல்கிறான், அது அவளுக்குத் தெரியாமலில்லை. அதனால்தான் மறுப்பது கஷ்டமாக இருந்தது.

"வெளியே அஞ்சு தட்டு இருக்கு," என்றாள். "அஞ்சுல ஒண்ணு தப்பினாலும் ஞாயித்துக்கிழமை உன் கார்ல ஏறி உட்கார்றேன். அஞ்சும் அடிச்சா இந்தப் பேச்சை நீ இனிமே எடுக்கக் கூடாது. சரியா?"

கெண்டல் சித்தப்பாவைப் பார்த்தான். டப் தோளைக் குலுக்கினான். "சரி," என்றான் கெண்டல், வேகமாக. பாவம், அப்போதே ஜெயித்துவிட்டதாக நினைத்தான்.

சாவுக்கு வந்த சனிக்கிழமைக் கூட்டம் ஏற்கெனவே மேய்ச்சல் நிலத்தில் கூடியிருந்தது. அந்தப் பக்கத்து வழக்கம் அது. கூட்டாளி போனால், அவன் துப்பாக்கியால் ஆளுக்கு ஒரு குண்டு சுட்டு வழியனுப்புவார்கள். ஏழு கிழவர்கள், சாவுக்குப் போட்ட கோட்டோடு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஓர்வலின் அந்த நாற்பத்தைந்து, ஒவ்வொரு கையாக மாறிச் சென்றது. இடி இடித்த மாதிரி ஏழு வெடி. தட்டு ஒலித்தது ஒரே ஒரு தடவை.

லவோன் அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெடிப்பதற்கு ஒரு கணம் முன்னால், உதைக்குப் பயந்து, ஒவ்வொருவர் கையிலும் துப்பாக்கி மூக்கு கீழே குனிந்தது. குண்டெல்லாம் புல்லுக்குப் போயிற்று. இதை ஓர்வல் வாசலிலிருந்து எத்தனை சனிக்கிழமை கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

கெண்டலும் சுட்டான். புல்.

"காத்து," என்றான்.

"இலைகூட அசையலையே தம்பி," என்றது ஒரு கிழம்.

டப் இளஞ்சிவப்புப் பெட்டியை நீட்டினான். "இந்தா லவோன்."

"முதல்ல நீ சுட்டுக் காட்டு. எனக்குத் தெரிய வேண்டாமா?"

டப் மார்பை நிமிர்த்திக்கொண்டு சுட்டான். சுட்டவன், பாதிரியார் நிற்பதை மறந்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், கையை உதறினான். தட்டு அப்படியே இருந்தது.

"சின்னக் கைக்குத்தான் அது சரிப்படும் போல," என்றாள் லவோன். கறுப்பு உடைக்கு மேலே போட்டிருந்த ஓர்வலின் கோட்டுப் பைக்குள் கைவிட்டு முப்பத்திரண்டை எடுத்தாள். வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"அணில் பயமுறுத்தி!" என்றான் டப். "அதுல சுட்டா தட்டுக்குக் கூச்சம்தான் வரும்."

"அம்மா, விளையாடாதே," என்றான் கெண்டல்.

அவள் சுடுகிற இடத்தில் போய் நின்றாள். வீட்டு ஜன்னல் முதுகுக்குப் பின்னால் திறந்தே இருந்தது. அதைச் சாத்த அவள் யாரையும் விடவில்லை. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவாள் என்று தெரியும். பார்க்கவில்லை. மூச்சை இழுத்துப் பாதி விட்டாள்.

டிங். டிங். டிங். டிங். டிங்.

நடுவில் ஒரே சீரான இடைவெளி. ஐந்து தட்டும் சங்கிலியில் ஆடின. கிழவர்கள் பஞ்சை எடுக்கவும் மறந்து நின்றார்கள். லவோனுக்கு நெஞ்சு முட்டச் சந்தோஷமாக இருந்தது. சாவு நாளில் இப்படிச் சந்தோஷப்படலாமா என்று ஒரு விநாடி தோன்றியது. படலாம், அந்த மனுஷன் இதற்காகத்தானே பதினோரு நாள் கூடுதலாக மூச்சு விட்டார்.

கெண்டல் பக்கத்தில் வந்தான். அவன் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரிச் சுருங்கியிருந்தது.

"யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?"

"உங்கப்பா."

"அப்பாவா? முப்பத்திரெண்டா?"

"டப் கிட்ட சொல்லாதேன்னார்."

டப்புக்கு அது நன்றாகவே கேட்டது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். கெண்டல் அம்மாவைக் கட்டிக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை நான் இங்கே வர்றேன். சாப்பாடு போடுவியா?" என்றான், அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டே.

"பன்றித்தொடையே ஒரு வாரத்துக்கு வரும். வா."

கெண்டல் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுப் பக்கம் போனதும் டப் அவளை நெருங்கினான். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"லவோன், அதைக் கொஞ்சம் குடேன். சும்மா பார்க்கத்தான். எனக்கும் மூணு வருஷமா இந்த மணிக்கட்டு... யார்கிட்டயும் சொல்லலை."

அவள் கோட்டுப் பையிலிருந்து குண்டுப் பெட்டியை எடுத்து, உருளையைத் திறந்து ஒரு குண்டு போட்டுக் கொடுத்தாள். டப் சுட்டான். டிங். தட்டு ஆடி நிற்கிற வரைக்கும் அவன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பினால், அவனுக்குப் பின்னால் இன்னொரு கிழவர் முடிச்சு விழுந்த கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நாற்பத்தைந்துக்காரர்கள் ஏழு பேரும் வரிசையாக வந்துவிட்டார்கள்.

லவோன் குண்டுப் பெட்டியைக் கோட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"ஆளுக்கு ஒண்ணுதான்," என்றாள். "மீதி எனக்கு வேணும். நான் இங்கேதான் இருக்கப் போறேன்."