மாத்துறதுன்னா

ஆய்வாளர் ஞானசேகரன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. மனிதர் கணினித் திரையை ஹஸீனா பக்கம் திருப்பி வைத்து, "மூணு வார நோட்ஸ். இப்ப இதான் இருக்கு," என்றார். பெரிய வெள்ளைக் கட்டத்துக்குள் ஒரே ஒரு தேதி. மார்ச் பதினாலு. வேறு ஒரு பொட்டு எழுத்து இல்லை.

அந்த அலுவலகத்தில் ஆய்வாளர்கள் எழுதும் நோட்புக், கணினிக்குள் கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு கோப்பு. ஒரு கட்டத்தில் நிரல், அடுத்ததில் அவர்களுடைய குறிப்பு. அதை ஏஐ ஏஜெண்டுகளே, அதாவது சொன்ன வேலையைத் தாமே செய்யும் மென்பொருள்களே, திறந்து திருத்துவதற்கு ஒரு கருவி செய்திருந்தார்கள். கருவியைப் பற்றி ஏஜெண்டுகளுக்கு விளக்கும் ஒரு பக்க ஆவணம் ஹஸீனாவின் பொறுப்பு. புரியாவிட்டால் மனிதன் பக்கத்து மேசையில் கேட்பான். ஏஜெண்டுக்கு ஏது பக்கத்து மேசை? எழுதியிருப்பதுதான் அதற்கு வேதவாக்கு. ஆங்கிலத்தில்தான் எழுதினாள், ஆனால் யோசித்தது தமிழில். கருவி கட்டத்தை 'மாற்றும்' என்று நினைத்து, 'சேஞ்ச்' என்று போட்டுவிட்டாள். ஞானசேகரன் தேதியை மட்டும் மாற்றச் சொன்னார். ஏஜெண்டும் சமர்த்தாகத் தேதியை மட்டும் அனுப்பியது. கருவி பழையதை முழுக்க வழித்துப் போட்டுவிட்டு அந்தத் தேதியை வைத்துவிட்டது.

குழுத் தலைவி நிரஞ்சனா, ஹஸீனாவைவிடப் பத்து வயது இளையவள், சுற்றி வளைக்கவில்லை.

"ஹஸீனா, உங்க ப்ரொபேஷன் இன்னையோட முடியுது. டாக்குமெண்ட்ட திருத்துங்க, நாலு மணிக்கு மறுபடி டெஸ்ட் பண்றேன். அதே ப்ராப்ளம் வந்துச்சுன்னா வேலைய கன்ஃபர்ம் பண்ண முடியாது லா. சாரி."

பதினோரு வருஷம் சிங்கப்பூரின் பூன் லே பேட்டை வீட்டில் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, நாற்பத்து மூன்று வயதில் கிடைத்த வேலை. கணவன் நூர்தீனிடம் என்ன சொல்வாள்? ஒரு வார்த்தையில் போச்சு என்றா? மதிய இடைவேளையில் சாப்பிடப் போகவில்லை. பெருநாளுக்குப் போடத் திருத்தக் கொடுத்திருந்த பாஜு குரோங் என்ற மலாய் நீள உடுப்பை வாங்கி வரலாம் என்று, அக்கா முறையில் லாத்தா என்று அவள் கூப்பிடும் ஜைனபின் ஃபேரர் பார்க் தையல் கடைக்கு நடந்தாள்.

உடுப்பைப் பிரித்ததும் பகீரென்றது. பச்சைப் பூப்போட்ட உடம்பு. கை மட்டும் வெள்ளை லேஸ்.

"லாத்தா, பழைய கை எங்க?"

"நீதானேம்மா மாத்தச் சொன்னே? கழட்டிட்டு புதுசு வெச்சிருக்கேன். ஜோரா இல்ல?"

"ஐயோ, இறுக்கமா இருக்குன்னுல சொன்னேன்!"

"கை இறுக்கமா இருக்கு, மாத்திடுங்கன்னே. லூசாக்குங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தையலப் பிரிச்சு விட்டிருப்பேன், அஞ்சு நிமிஷ வேல. ஒம் மனசுக்குள்ள பூந்தா பாக்க முடியும்?"

ஹஸீனா சண்டை போட வாயைத் திறந்தாள். ஆவணத்தில் தான் செய்த அதே தப்பு, லேஸ் வைத்துத் தைத்துக் கையில் கொடுத்தது போல! ஹஸீனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலும் தண்ணீர். ஜைனப் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"கோவிச்சுக்காத. பழைய கை இருக்கு, திரும்ப வெச்சுத் தரேன். வெட்டுனத எவளாச்சும் தூக்கிப் போடுவாளா?" மேசைக்கடியில் இருந்த பையிலிருந்து இரண்டு பச்சைக் கைகளையும் உருவி எடுத்தார்.

ஹஸீனா அந்தக் கைகளையே பார்த்தாள். தேதி எங்கே இருக்கிறது என்று தேட, ஏஜெண்ட் அந்தக் கட்டத்தை முதலில் வாசித்திருக்கும் அல்லவா? வாசித்தது, அது செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவில் இருக்குமே!

"லாத்தா, நாளைக்கு வரேன்," என்று ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

பதிவில் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், இருபத்திரண்டு வரியும் இருந்தது. ஞானசேகரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு வாசித்தார். "டீ குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகுதான் ஆவணத்தைத் திருத்த உட்கார்ந்தாள். அந்தப் பாழாய்ப் போன 'சேஞ்ச்' போனது. பதிலுக்கு எழுதினாள்: 'பழைய கட்டம் முழுவதும் போய்விடும், நீ அனுப்புவது மட்டுமே மிஞ்சும். ஒரு வரியைத் திருத்துவதானாலும் மற்ற வரிகளையும் சேர்த்தே அனுப்பு.' சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி இருக்கிறதே என்று கூச்சமாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

நாலு மணிக்கு ஆவணத்தைப் படித்துக்கொண்டு வந்த நிரஞ்சனா அந்த வரியில் நின்றாள்.

"ரொம்ப க்ளியரா இருக்கே. யார்கிட்ட கேட்டீங்க?"

"என் டெய்லர்கிட்ட."

நிரஞ்சனா ஞானசேகரனின் குறிப்புகளின் நகலைத் திறந்து, ஏஜெண்டிடம் தேதியை மட்டும் மாற்றச் சொன்னாள். கட்டம் ஒரு கணம் வெறுமையானது.

பிறகு வரிகள் வந்தன. மேலே புதுத் தேதி. நிரஞ்சனா மவுஸை மெல்ல உருட்ட உருட்ட, இரண்டாவது வரி, ஐந்தாவது, எட்டாவது. ஒன்பதாவது வரியில் ஞானசேகரன் விட்டிருந்த எழுத்துப்பிழைகூட, யாரும் தொடாமல், அதே இடத்தில் இருந்தது.