இரைச்சல்-1 என்ற கோப்பு

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. உள்ளொளி, தரிசனம் என்று ஏதாவது சொல்ல ஆசைதான். ஆனால் நடந்தது இவ்வளவுதான்: டிசம்பர் பதினான்காம் தேதி முற்பகலில் கீழ்வீட்டு மேங் சோக்ஜுன் என் கைப்பேசிக்கு ஓர் ஒலிக்கோப்பு அனுப்பினார். நீளம் பதினோரு விநாடி. அவர் வைத்திருந்த பெயர் 'இரைச்சல்-1'. கூடவே ஒரு வரி:

"ஐந்நூத்திரெண்டு, உங்க காலடிச் சத்தத்துக்கு இது ஆதாரம். நிர்வாக அலுவலகத்துக்கும் அனுப்பப்போறேன்."

எங்கள் அடுக்ககத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, கதவு எண்தான். நான் ஐந்நூற்றிரண்டு, அவர் நானூற்றிரண்டு. என் தரை அவருக்குக் கூரை.

கோப்பை முழுதாகக் கேட்டேன். அவர் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் அதை எனக்கு அனுப்பியிருக்க மாட்டார். ஏன் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம், ஆனால்—

(இல்லை. வரிசையாகவே போவோம். வரிசை தவறியதால்தான் அவருக்கு அந்தக் கதி வந்தது.)

2

முதல் தொடக்கம்: "சியோல் நகரத்தின்மீது பனி மௌனமாகப் பொழிந்துகொண்டிருந்த ஒரு மாலையில்—" அன்று பனி பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "ஒலி என்பது என்ன? ஆதி மனிதன் குகையில்—" எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

மூன்றாம் தொடக்கம்: "கும்ரானுக்குத் தொண்டையில் கட்டி."

இதுதான் முதல் வாக்கியமாக இருந்திருக்க வேண்டும். இதற்கு வந்து சேர எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

கும்ரான், மேங் சோக்ஜுனின் மனைவி. மாங்வோன் சந்தையில், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் துணைக்கறிகள் விற்கும் கடை வைத்திருந்தாள். கடையில் அவள் பாடும் பாட்டு ஒன்று உண்டு. யார் எழுதியதும் அல்ல, முளைப்பயறு அலசும்போது தானாக வந்த மெட்டு. வரிகள் எல்லாம் அன்றைய கறிகளின் பெயர்கள்தான்: முளைப்பயறு, பசலைக்கீரை, சர்க்கரை போட்ட நெத்திலி, தாமரைக்கிழங்கு. தாமரைக்கிழங்கில் மட்டும் குரல் ஒரு படி மேலே ஏறும். அந்த இடத்தில் சந்தையே ஒரு நொடி தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நானே நின்றிருக்கிறேன், வாங்க வந்தது என்ன என்பதை மறந்து.

நவம்பர் பதினேழில் மருத்துவர் சொன்னார்: கட்டியை எடுத்தாக வேண்டும், குரல் நரம்பு அதனோடு ஒட்டியிருக்கிறது, அதையும் வெட்ட வேண்டிவரும். உயிருக்குப் பயமில்லை. பாட்டு இருக்காது. நாள் டிசம்பர் ஒன்பது.

மூன்று வாரம் இருந்தது. பாட்டின் நீளம் இரண்டு நிமிடம்.

3

மேங் சோக்ஜுன் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவர். எதையும் முறையாகச் செய்கிற மனிதர். மனைவியின் குரலை வீட்டிலேயே பதிவுசெய்துவிடுவது என்று அன்று மாலையே முடிவெடுத்தார். மறுநாள் இணையத்தில் வீட்டு ஒலிப்பதிவாளர்களின் மன்றம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே புனைபெயர்களில்தான் எல்லோரும் உலவுவார்கள். ஒருவர் பெயர் 'மௌனத்தின் தந்தை'. அவர் இதுவரை ஒரு பாட்டும் வெளியிட்டதில்லை. ஆனால் பதினான்கு ஒலிவாங்கிகள் வைத்திருக்கிறார் என்பதால் அவர் சொல்லுக்கு அங்கே மறுசொல் இல்லை.

"என்ன ஒலிவாங்கி வாங்கலாம்?" என்று மேங் கேட்டார்.

"அந்தக் கேள்வியே தப்பு ஐயா," என்றார் மௌனத்தின் தந்தை. "முதல்ல உங்க அறையைச் சரிபண்ணுங்க. அறைதான் முதல் வாத்தியம்."

முதல் வாரம் அறைக்குப் போயிற்று. நுரைப்பலகை, தடித்த திரை, சன்னல் இடுக்குக்கு ரப்பர்.

இரண்டாம் வாரம் ஒலிவாங்கி வந்தது. அது நுணுக்கமானது, எறும்பு தும்மினாலும் பிடிக்கும் என்று போட்டிருந்தது. அதனால்தான் அது கூடாது என்றார் மௌனத்தின் தந்தை. திருப்பி அனுப்பி, கொஞ்சம் காது மந்தமான வேறொன்று வாங்கினார். அதைக் கணினியோடு இணைக்கிற பெட்டி வந்தது. பெட்டியோடு இலவசமாக வந்த மென்பொருளைப் பார்த்து மன்றமே சிரித்தது.

மூன்றாம் வாரம் மென்பொருள். ஒன்று மாதச் சந்தா கேட்டது. ஒன்றை ஒரேயடியாக வாங்கிவிடலாம், ஆனால் அவர் கணினிக்கு ஒத்துவராது. இன்னொன்று எல்லாவற்றுக்கும் ஒத்துவந்தது, அதைக் கற்றுக்கொள்ள நாற்பது காணொளிகள் இருந்தன. மேங் நாற்பதையும் குறிப்பெடுத்துக்கொண்டு பார்த்தார்.

* இந்த மூன்று வாரமும் கும்ரான் தினம் கடையில் பாடிக்கொண்டுதான் இருந்தாள். அடிக்குறிப்பில் போட வேண்டிய செய்தி இல்லை இது. மேலே எங்கே செருகினாலும் சிரிப்பு நின்றுவிடுகிறது, அதனால் இங்கே.

"ஏங்க, போன்லயே பதிஞ்சா என்ன?" என்று கேட்டாள் ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே. "மக கல்யாணத்தை அதுலதான எடுத்தீங்க?"

"போன்ல எடுத்தா அது ஞாபகம். இதுல எடுத்தாத்தான் பதிவு."

"அப்படியா! எனக்கு வித்தியாசம் தெரியல. டாக்டர் ஒரே ஒரு கத்தியை வச்சு வேலையை முடிச்சிருவாராம். உங்களுக்குத்தான் இத்தனை சாமான் வேணும்."

அன்று அவருக்குப் போட்ட சோற்றில் பாதி கிண்ணத்திலேயே இருந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் அவரை இதுவரை கொஞ்சம் கோமாளியாகத்தான் எழுதிவந்திருக்கிறேன். இந்தப் பாதிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு மேலே எழுதுவது கடினமாக இருக்கிறது. எல்லாச் சாமானும் சரியாக அமையும்வரை அந்த ஒன்பதாம் தேதி வராது என்று அவர் நம்பினாரோ என்னவோ.

4

டிசம்பர் ஏழு, ஞாயிறு. பிற்பகல் மூன்று முதல் நான்கு வரை பதிவு.

முந்தின நாள் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மேங் இடுப்பை வளைத்து வணங்கினார். "ஐந்நூத்திரெண்டு, நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் நடக்காம இருக்க முடியுமா?" கும்ரான் ஒரு பெட்டி நிறையப் புதுக் கிம்ச்சி, காரம் போட்ட முட்டைக்கோஸ் ஊறுகாய், நீட்டினாள். "லஞ்சம்தான், வாங்கிக்குங்க. உக்காந்தே சாப்பிடுங்க," என்றாள். நான் சத்தியம் செய்தேன்.

கீழே இன்னொரு சிக்கல். கிம்ச்சிக் குளிர்பெட்டி ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கப்போன மேங்கின் கையில் கும்ரான் ஓர் அடி போட்டாள்.

"தொடாதீங்க! நாப்பது முட்டைக்கோஸ் ஊறுது உள்ள. போன வாரம்தான் போட்டது."

"ஒரு மணி நேரம்தான். மன்றத்துல சொல்றாங்க, இந்த உறுமல்..."

"என் குரல் போனா நீங்க தாங்கிக்குவீங்க. கிம்ச்சி புளிச்சா தாங்குவீங்களா?"

குளிர்பெட்டி உறுமியபடியே இருந்தது. நாலாபுறமும் மெத்தைகளைத் தொங்கவிட்டு, நடுவில் அவளை நிறுத்தி, மேங் பதிவுப் பொத்தானை அழுத்தினார். அப்போது மேல்வீட்டு நாய்—

(முதல் பிரதியில் ஒரு நாய் இருந்தது. என்னிடம் நாய் இல்லை. நடந்தது நான்தான். எழுதுவதற்குப் புதிதாக ஒரு மென்பொருள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றில் எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் கணினி அணையப்போயிற்று. சார்ஜருக்காக எழுந்தேன். நாலே அடி. குதிகால் அழுந்த.)

அப்புறம் அவள் பாடினாள். ஒரே முறை. இரண்டாம் முறை பாடத் தொண்டை இடம் தரவில்லை.

5

செவ்வாயன்று அவளை மருத்துவமனையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். உள்ளே ஐந்து நாள். மேங் பகலில் அவள் கட்டிலருகே இருந்தார், வீட்டுக்கு வந்ததும் பாட்டைத் துப்புரவு செய்தார்.

மௌனத்தின் தந்தை வழி சொன்னார்: "பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம் வெற்றிடம் இருக்கும் பாருங்க. அதை வெட்டித் தனிக் கோப்பா வைங்க. மென்பொருளுக்கு அதைக் காட்டி, 'இதெல்லாம் இரைச்சல், இது எங்க இருந்தாலும் எடுத்துடு'ன்னு சொல்லுங்க. எடுத்துடும்."

மேங் திரையைப் பார்த்தார். பாட்டுக்கு முன்னால் கோடு தாழ்வாக ஓடியது. நடுவில் நாலு புடைப்பு, அது என் கால். அப்புறம் சின்னச் சின்னதாக ஏதோ சில. காதால் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காணொளிகள் நாற்பதிலும் கண்ணால்தான் காட்டியிருந்தார்கள். பதினோரு விநாடியை வெட்டினார், 'இரைச்சல்-1' என்று பெயர் வைத்தார், மென்பொருளுக்குக் காட்டினார். அது கற்றுக்கொண்டது. இன்னும் கொஞ்சம் எடு என்றார். இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் பாட்டைப் பழைய பதிவின் மேலேயே, அதே பெயரில் சேமித்தார். அட்டவணை போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: புது அட்டவணை வந்ததும் பழையதைக் கிழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுநர் குழம்பிப்போவார்.

பதினான்காம் தேதி காலை கும்ரான் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் கட்டு. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது, அதில் வார்த்தை கொஞ்சம் ஒட்டியிருந்தது. வந்ததும் அவள் சொன்ன முதல் வாக்கியம்: "குளிர்பெட்டியை மூடித்தான வச்சிருக்கீங்க?"

அவளை உட்காரவைத்து, காதில் நல்ல ஹெட்போனை மாட்டி, பாட்டை ஓடவிட்டார்.

உறுமல் இல்லை. காலடி இல்லை. அறையே இல்லை. அந்தச் சுத்தத்துக்குள் யாரோ ஒரு பெண் தகரக் குழாய்க்குள்ளிருந்து தாமரைக்கிழங்கு என்றாள்.

கும்ரான் முழுவதும் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றினாள்.

"யாரு இது?"

அரை மணி நேரத்தில் எனக்குப் புகார் வந்தது. அந்தக் கேள்விக்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

6

பதினோரு விநாடியில் இருப்பது:

குளிர்பெட்டி. என் நாலு அடி. பிறகு கும்ரான் சிரிக்கிறாள். நெஞ்சிலிருந்து எழும் முழுச் சிரிப்பு, கடையில் கேட்கிற அதே சிரிப்பு. "ஐந்நூத்திரெண்டு உயிரோடதான் இருக்காங்க! சத்தியமாவது கித்தியமாவது... ஏங்க, முகத்தை அப்படி வச்சுக்காதீங்க. பாடிரவா?" அதன்பின் சுருதி பிடிக்க ஒரு "ம்ம்", தாமரைக்கிழங்கின் உயரத்தில், தெளிவாக.

அவ்வளவுதான். மென்பொருள் இதைத்தான் இரைச்சல் என்று படித்து, பாட்டில் எங்கெல்லாம் அவள் இருந்தாளோ அங்கெல்லாம் போய் எடுத்திருக்கிறது.

(கதைக்காகச் செய்தது போல் இருக்கிறது, தெரியும். வேறு மாதிரி மாற்றி எழுதிப் பார்த்தேன். அந்தச் சிரிப்பை எடுத்தால் கதை மேலும் நம்பும்படி ஆனது. திரும்ப வைத்துவிட்டேன்.)

மறுநாள் கும்ரான் மாடியேறி வந்தாள், புகாருக்காக மன்னிப்புக் கேட்க. நடந்ததையெல்லாம் காற்றாகச் சொன்னாள். என் கைப்பேசி மேசைமேல் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. நான் அவளுக்கு வாற்கோதுமைத் தேநீர் ஊற்றினேன்.

"நிர்வாக ஆபீசுக்கு அவர் அனுப்பல," என்றாள். "சாமானையெல்லாம் அட்டைப்பெட்டியில போட்டு ஒட்டிட்டாரு. எங்கிட்டப் பேசறதும் இல்ல. நான் பேச முடியாதவ, அவரு எதுக்குப் பேசாம இருக்காரு?" போகும்போது, "கிம்ச்சிப் பெட்டியைத் திருப்பித் தர அவசரமில்ல," என்றாள்.

7

முடிவு ஒன்று. நான் கீழே போய்க் கோப்பை மேங்கிடம் கொடுக்கிறேன். அவர் கேட்கிறார். குரல் கிடைத்துவிடுகிறது. கூடவே, அதற்கு இரைச்சல் என்று பெயர் வைத்தது யார் என்பதும் தெரிந்துவிடுகிறது. அவருடைய முகத்தை எழுத மூன்று தடவை முயன்றேன். அவர் முதலில் கண்ணாடியைக் கழற்றி—

முடிவு இரண்டு. பெயரை மாற்றி, என் காலடியையும் குளிர்பெட்டியையும் நீக்கி, சிரிப்பை மட்டும் கொடுக்கிறேன். இதற்கு ஒரு துப்புரவு மென்பொருள் வேண்டும். எது சிறந்தது என்று இரண்டு நாள் விமர்சனங்கள் படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

முடிவு மூன்று. அவளிடமே கொடுக்கிறேன். ஆனால் அவள் அதையும் கேட்டுவிட்டு, "யாரு இது?" என்று—

இந்தக் கதையை எழுதத் தொடங்கி இன்றோடு மூன்று வாரம். கோப்பின் நீளம் பதினோரு விநாடி.

கிம்ச்சிப் பெட்டியைக் கழுவி மேசைமேல் வைத்திருக்கிறேன். இங்கே அண்டைவீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் வழக்கமில்லை. பேரிக்காய் வைத்துப் பார்த்தேன், எடுத்துவிட்டேன். இப்போது அதற்குள், அந்தக் கோப்பை ஏற்றிய விரல்நுனி அளவு சேமிப்பான் ஒன்று கிடக்கிறது. மேலே ஒட்டிய தாளில் அவர் வைத்த பெயரையே எழுதினேன், அடித்தேன், வேறு பெயர் வரவில்லை.

மணி மூன்று. கீழே இருவரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். குளிர்பெட்டியின் உறுமல் தரை வழியாக ஏறிவருகிறது, வேறு சத்தம் இல்லை. மேசையிலிருந்து கதவு நாலு அடி. எப்படி வைத்தாலும் என் குதிகால் கீழே கேட்கும். கேட்டதும் நானூற்றிரண்டில் ஒருவர் தலையை நிமிர்த்துவார். யார் என்பதையும், கதவைத் திறக்கப்போவது யார் என்பதையும் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நான் எழுந்துவிட்டேன்.