கடைசி இரண்டு போல்ட்டுகள்

பம்ப் எந்த முரண்டும் பிடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதுதான் தப்பு என்று அவனுக்கு உடனே தெரிந்தது.

எஞ்சினின் விலாவில் ஒரு துவாரம். பெட்ரோல் பம்ப்பின் இரும்புக் கையை அதற்குள் நுழைத்து, உள்ளே சுற்றும் கேம் தண்டின் மேல் படியவைத்து, இரண்டு போல்ட்டால் இறுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. "ஸ்பிரிங் உங்க கைய எதிர்த்துத் தள்ளணும் சார். சமத்தா போய் உக்காந்துச்சுன்னா தப்பான பக்கம் போயிருக்குன்னு அர்த்தம். அப்படியே சாவியத் திருப்புனீங்க, பம்ப்போட கை முறிஞ்சிடும். அப்புறம் இந்த வண்டிக்குப் பம்ப் தேடி நாயா அலையணும்" என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். எதற்குக் கூப்பிட்டாலும் 'அரை மணில வந்துடறேன்' என்பார். அதனால் அவருக்கு அரைமணி என்றே பெயர். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு இந்த வண்டிக்குள் இறக்கியதோடு சரி, பிறகு அந்த அரை மணி வரவேயில்லை.

அவன் முதல் போல்ட்டை விரலால் முடுக்கினான்.

வண்டி மாமியாருடைய பழைய கார். இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலைக்கு அதில்தான் போய்வந்தார். பழைய எஞ்சின் இறுகி நின்றுபோனபோது, காயலான் கடைக்குப் போடக்கூடாது, வேறு எஞ்சின் வைத்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் மகள். அவன் மனைவி. எஞ்சின் வந்து சேர்ந்தபோது அவள் இல்லை. நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, என்ன பேசுவதென்று தெரியாமல் மாமியாரிடம் ஒன்று சொல்லிவைத்தான். "வண்டி ஓடட்டும் அத்தை. அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வர்றேன்."

ஒரு மாதத்து வேலை. பத்து மாதம் ஓடிவிட்டது. துருவே இல்லாத போல்ட்டை உட்கார்ந்து தேய்த்தான். நன்றாக இருந்த ஒயரைப் பிரித்துத் திரும்பச் சுற்றினான். மற்ற நாட்களில் அலுவலகத்தில் விண்ணப்பங்களுக்கு எண் போட்டான். அங்கே யாரும் அவள் பெயரை எடுப்பதில்லை, பாவம் பார்த்து. மாமியார் வீட்டு ஷெட்டில் மட்டும்தான் அவர், "அவ இருந்திருந்தா இதுக்குள்ள ரெண்டு சண்டை போட்டு முடிச்சிருப்பா" என்று போகிறபோக்கில் சொல்வார். அதைக் கேட்கத்தான் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தான்.

இனி மாட்டுவதற்கு வேறு எதுவும் பாக்கியில்லை. இரண்டாவது போல்ட்டையும் ஸ்பேனர் போட்டு இறுக்கினான்.

"என்ன மாப்பிள்ளை, சத்தத்தையே காணோம்? எஞ்சினுக்குள்ளயே குடித்தனம் போயிட்டீங்களா?"

மாமியார் உள்ளே ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திறந்து நிறுத்திய பானட் இருவருக்கும் நடுவில் சுவராக நின்றது.

"முடிஞ்சுது அத்தை."

"சாவியத் திருப்பவா?"

ஸ்பேனரைத் துடைத்தான். கை முறிந்தால் வேறு பம்ப் கிடைக்க மூன்று மாதமாவது ஆகும். பன்னிரண்டு ஞாயிறு. 'திருப்புங்க' என்ற ஒரு சொல் போதும். வாயைத் திறந்தான்.

"கொஞ்சம் இருங்க" என்றார் மாமியார். "திருப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். மூஞ்சி தெரியாதப்பதான் எனக்குப் பேச வரும். பாத்த வேலை அப்படி." சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. "கேட்டு சத்தம் கேட்டா எட்டிப் பாக்கறேன். ரெண்டு பேரா வர்றீங்களான்னு. வாராவாரம் இதே கூத்துதான். புத்திக்குத் தெரியுது, கழுத்துக்குத் தெரிய மாட்டேங்குது, அது பாட்டுக்குத் திரும்புது. நீங்க ஒருத்தர் மட்டும் உள்ள வந்து கேட்டைச் சாத்தறீங்க. அதுக்கப்புறம் புதன்கிழமை வரைக்கும் எனக்கு எந்திரிக்க முடியறதில்ல. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல மாப்பிள்ளை. தங்கமான மனுஷன் நீங்க. ஆனா இத முடிச்சுக் குடுத்துடுங்க. வண்டி ஓடுனா நான் என் தங்கச்சி வீட்டுப் பக்கம் போயிடறேன்."

அவனுக்கு அழுகை வரவில்லை. பத்து மாதமாக வராதது இப்போது மட்டும் வந்துவிடுமா. இத்தனை நாளும் அவருக்குத் துணைக்கு வருவதாக நினைத்துக்கொண்டிருந்தான். கேஸ்கெட் ஓரத்தில் பிதுங்கியிருந்த பசையைக் கட்டைவிரலால் வழித்தான். வழித்த இடத்தையே மறுபடி வழித்தான்.

"திருப்பட்டுமா?"

"வேண்டாம் அத்தை. பம்ப் சரியா உக்காரல. கழட்டி மாட்டணும்."

"ரொம்ப நேரமாகுமா?"

"பத்து நிமிஷம்."

"அவ்வளவுதானா?" என்றார். குரல் உள்ளே இறங்கியிருந்தது.

போல்ட்டுகளைத் தளர்த்தினான். பம்ப்பை உருவி, அதன் கையைச் சாய்த்து மறுபடி நுழைத்தான். இந்த முறை ஸ்பிரிங் அவன் உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளியது. தோளைக் கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் போல்ட்டுக்கு மரையைத் தேடினான்.

பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த இடுக்கில் மாமியாரின் கைகள் மட்டும் தெரிந்தன. ஸ்டியரிங்கை மெதுவாக இடது பக்கம் திருப்பினார், பிறகு வலது பக்கம், எதிரே நீண்ட வளைவு ஒன்று வருவதுபோல. ஜாக்கி ஸ்டாண்டின் மேல் தூக்கி நிறுத்தியிருந்த வண்டியின் முன்சக்கரம், தரையைத் தொடாமல், அவன் முழங்காலை ஒட்டிச் சத்தமில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது.