அரை மாத்திரை

மேனேஜருக்குப் பதினெட்டு வயது. பூனைதான். வீட்டுக்குள் எந்தப் பை வந்தாலும் தலையை விட்டுச் சோதனை போடாமல் நகராது என்பதால் அந்தப் பெயர். இரண்டு நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கம்கூடப் போகவில்லை. இனியும் வதைக்க வேண்டாம், ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, துண்டில் சுற்றி மிருக டாக்டரிடம் எடுத்து வந்திருந்தார்கள்.

அவள் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். விடிந்தும் விடியாமல் கிளம்பிவிடுவாள். அவர் பஸ் ஓட்டுபவர். மதியம் வண்டி எடுத்தால், திரும்பி வரும்போது அவள் அசந்து தூங்கியிருப்பாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான்.

வழியெல்லாம் துண்டுக்குள் விரலை விட்டுக் காதைத் தடவியபடி வந்தாள். "போயிட்டு வாடா ராஜா. அங்கயும் எந்தப் பையையும் விடாதே, என்ன?"

டாக்டரம்மா ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்தார். பூனையின் பிடரித் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது.

"ஏன் இப்படி வறண்டு போயிருக்கு? நெஞ்சுல நீர் கோத்ததுக்குக் கொடுத்தேனே, அந்த மாத்திரை தினம் அரைதானே?"

"அரையேதான் டாக்டர். ஏழு வாரமா ஒரு நாள் தவறல. நான்தான் கொடுக்குறேன். இவரை நம்பினா விளங்கின மாதிரிதான்."

புருஷன் திரும்பினார். "நீயா? நான்ல தினம் கொடுக்குறேன்."

"விளையாடுற நேரமாங்க இது?"

"விளையாட்டா? நான் எந்திரிச்சு வரும்போது டம்ளர் கவுந்து கிடக்கும். வழக்கம்போல மறந்துட்டு ஓடிட்டாளேன்னு திட்டிக்கிட்டே கொடுப்பேன். கொடுத்துட்டு நிமித்தி வப்பேன்."

"கவுத்து வச்சா கொடுத்தாச்சுன்னுல்ல அர்த்தம்..."

சமையலறை ஜன்னலில் ஒரு சின்ன டம்ளர். மாத்திரை கொடுத்தவர் அதைத் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று முதல் நாள் போனில் பேசிக்கொண்டதோடு சரி. எப்படி வைத்தால் கொடுத்தாயிற்று என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் அவள் கவிழ்த்தாள். அவர் எழுந்து நிமிர்த்தினார். மறுநாள் நிமிர்ந்திருந்ததைப் பார்த்து அவள் மறுபடி கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட அவர் எழுவதற்குள் அவள் கொடுத்துவிடுவாள்; அவள் சந்தைக்குப் போயிருக்கும்போது அவர் கொடுப்பார். பெரிய புட்டி. உள்ளே எத்தனை இருந்தன என்று யார் பார்த்தார்கள்?

அவள் மேசை விளிம்பைப் பிடித்தாள்.  "மறந்துட்டோமோன்னு ரெண்டாவது தடவை போட்டுடாதீங்க" என்று கடையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுகிற வாய், இப்போது திறந்தபடியே நின்றது.

"இப்ப நிறுத்திட்டா?" என்றாள் கடைசியில். "நிறுத்திட்டு, ஊசி வழியா தண்ணி ஏத்தினா?"

"போன மாசம்னா ஏத்திப் பாத்திருக்கலாம்மா. இப்ப சிறுநீரகம் ரெண்டுமே போச்சு. ஒவ்வொரு மணி நேரமும் அதுக்கு வலிதான்."

"நாங்க கொடுத்ததாலயா?"

டாக்டரம்மா சோதனைத் தாளை மடித்தார். "வயசும் இருக்கு. மாத்திரையும் இருக்கு" என்றார்.

புருஷன் சுவரைப் பார்த்து நின்றார். மேனேஜர் கண்ணைத் திறக்காமல் அவள் மணிக்கட்டில் மூக்கை வைத்துக்கொண்டது. வழியில் சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்ல நினைத்தாள்.  எந்த முகத்தோடு சொல்வது?

ஊசி தயாராக இருந்தது. "நீங்க சரின்னு சொல்லணும்" என்றார் டாக்டரம்மா.

"நீங்க சொல்லுங்க" என்றாள் புருஷனிடம்.

"என்னால ஆகாது. நீ சொல்லு."

"ஒருத்தர் சொன்னாப் போதும்" என்றார் டாக்டரம்மா.

அவள் துண்டை இழுத்துப் போர்த்திவிட்டு, "சரி" என்றாள். அவரும் சொல்லத்தான் வாயெடுத்தார். சட்டென்று மூடிக்கொண்டார்.