பென்சில் கோட்டைத் தாண்டிய குமிழ்

காலையிலிருந்து தங்கச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒர்க்‌ஷாப்பை ரெண்டு தரம் பெருக்கியாகிவிட்டது. ஸ்பீக்கரை நகர்த்தி, நாற்காலியை நகர்த்தி, மறுபடி ஸ்பீக்கரை நகர்த்தி, கடைசியில் எல்லாம் முதலில் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தன. இருக்காதா பின்னே? ரெண்டு வருஷ உழைப்புக்கு இன்றைக்குத்தான் பரீட்சை.

விஷயம் இதுதான். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கிறார்கள். ஒரு பாட்டுப் பள்ளி இருபது வகுப்புக்கு இருபது பெட்டி கேட்டிருக்கிறது. பெட்டி ஒல்லியாக இருக்கணும், சூடாகக் கூடாது. அப்படியென்றால் கிளாஸ் டி தான், நொடிக்குப் பல லட்சம் தடவை ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்தே சத்தத்தைப் பெருக்குகிற வகை. அதில் இருவருக்கும் சண்டை இல்லை. உள்ளே எந்த மாட்யூல், அதாவது எந்த ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட், என்பதில்தான் சண்டை. கப்பலில் வந்திறங்கிய ரெடிமேட் மாட்யூலை வாங்கிப் போடலாம் என்கிறான் அண்ணன். தங்கச்சியோ, தானே வரைந்து, காயில் என்கிற செப்புக் கம்பிச் சுருளைத் தன் கையாலேயே சுற்றி, பதினோரு போர்டைப் புகைய விட்டு, பன்னிரண்டாவதில் ஒருவழியாகக் கரை சேர்த்த மாட்யூலைத்தான் போடணும் என்கிறாள்.

"கேட்டுப் பார்த்தே முடிவு பண்ணிக்கலாம்," என்று போன வாரம் அண்ணன் சொன்னான். "ஆனா உன்னது தோத்தா அந்த டிசைன் மேஜையைக் காலி பண்ணிடணும். அதுக்கப்புறம் நான் வாங்கித் தர்றதை மாட்டி ஸ்க்ரூ முடுக்குறதோட சரி. சம்மதமா?"

வீராப்பில் அவளும் சம்மதம் என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். சொன்ன நாக்கை அன்றே கடித்துக்கொண்டாள் என்பது வேறு கதை.

ஏற்பாடெல்லாம் அவளுடையதுதான். ஒரே மாதிரி ரெண்டு கறுப்புப் பெட்டி. ஒன்றில் அண்ணன் மாட்யூல், ஒன்றில் அவளுடையது. அவள் பெட்டிக்கு அடியில் மட்டும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். ரெண்டுக்கும் டெஸ்ட் டோன் என்கிற ஒரே சீரான ஊதல் சத்தத்தைக் கொடுத்து, மீட்டரில் ரெண்டும் சரியாக ரெண்டு புள்ளி எட்டு வோல்ட் காட்டும்வரை வால்யூம் குமிழைத் திருகி, அங்கே பென்சிலால் கோடும் போட்டுவிட்டாள். அண்ணன் பெட்டியை இடது பக்கமும் தன்னுடையதை வலது பக்கமும் வைத்தாள். அப்புறம் அண்ணனோடு தானும் வெளியே வந்து, அண்ணியை மட்டும் உள்ளே விட்டாள். அண்ணி காசு சுண்டணும், பூ விழுந்தால் பெட்டிகளை இடம் மாற்றணும், தலை விழுந்தால் அப்படியே விடணும், மேலே துணியைப் போட்டு மூடணும். இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ரெண்டு. எது எது என்பது அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணி வேலையை முடித்து, அவர்கள் ரெண்டு பேரையும் உள்ளே விட்டுவிட்டு டீ போடப் போனாள். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டதும், கேட்டுப் பார்த்து முடிவு சொல்ல வந்த அந்தப் பள்ளியின் பாட்டு டீச்சரை அழைத்துவர தங்கச்சி ஓடினாள். அண்ணன் மட்டும் உள்ளேயே நின்றான்.

டீச்சர் தன் மாணவிகள் சேர்ந்து பாடிய பாட்டைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார். "நாப்பது பிள்ளைங்க குரல்மா. ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். எனக்கு டெக்னிக் ஒண்ணும் தெரியாது, ஆனா இதைக் கெடுத்தா கண்டுபிடிச்சிடுவேன்," என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பாட்டை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற ஸ்விட்சை அண்ணி தட்டினாள். "இது ஒண்ணு." கொஞ்ச நேரம் பாட்டு. டக். "இது ரெண்டு."

மூன்று தடவை மாற்றியதுமே டீச்சர் கையைத் தூக்கிவிட்டார். "ஒண்ணுதான்! குரல் முன்னாடி வந்து நிக்குது."

"ஒண்ணுல என்ன சந்தேகம்?" என்றான் அண்ணன். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஏதோ லாட்டரி விழுந்தவன் மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அவன் குஷியைப் பார்த்தால் ஒண்ணு அவனுடையதாகத்தான் இருக்கணும் என்று தங்கச்சிக்குத் தோன்றியது. அவள் காதுக்கும் ஒண்ணுதான் நன்றாக இருந்தது. பொய் சொல்ல மனசு வரவில்லை. "எனக்கும் ஒண்ணுதான்," என்றாள், தன் மேஜையைத் திரும்பிப் பார்க்காமல்.

அண்ணி துணியை விலக்கி, இடது பக்கப் பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில் சிவப்பு ஸ்டிக்கர்.

"ஐயோ, என்னோடது!" தங்கச்சி போட்ட கூச்சலில் டீச்சர் கையில் இருந்த டீ தளும்பியது. அண்ணியைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். "ஜெயிச்சுட்டேன் அண்ணி! என் பன்னெண்டாவது போர்டு!"

அண்ணன் மட்டும் அசையவில்லை. தோற்றவனின் முகமாக இருந்தால் பரவாயில்லை. அவன் முகமோ கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகமாக இருந்தது.

பெட்டியை ஆசையாகத் தூக்கி நிமிர்த்திய தங்கச்சியின் கண் அப்போதுதான் குமிழில் பட்டது. பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு நூல் தள்ளி நின்றது குமிழ். ஆட்டம் பாட்டமெல்லாம் அப்படியே நின்றுபோனது. டெஸ்ட் டோனைப் போட்டு மீட்டரை வைத்தாள். மூணு புள்ளி ஒண்ணு.

இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த திருட்டுத்தனம் இது. சத்தத்தை ஒரு மயிரிழை கூட்டினால், சத்தம் கூடியதாகக் காது சொல்லாது. 'ஆகா, எவ்வளவு தெளிவு' என்றுதான் சொல்லும். எந்தப் பெட்டியை விற்க நினைக்கிறோமோ அதை ஒரு நூல் கூட்டி வைத்தால் போதும்.

"அண்ணா," என்றாள். "இதை யார் திருகினா?"

"லேசாத்தான்..." அண்ணன் பிடரியைச் சொறிந்தான். "இடது பக்கம் என்னோடதுன்னு நெனச்சு..."

"அடப்பாவி!"

"மாத்தாம அப்படியே விட்டுடுன்னு காலையில என் காதுல ஓதுனீங்களே, அதுக்குத்தானா?" என்றாள் அண்ணி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "பூ விழுந்துச்சு, மாத்திட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க பேச்சை என்னைக்குக் கேட்டிருக்கேன், இன்னைக்குக் கேக்குறதுக்கு?"

கோபம் பொத்துக்கொண்டு வரவேண்டிய நேரத்தில் தங்கச்சிக்குச் சிரிப்புதான் வந்தது. அவளைக் கவிழ்க்கக் கஷ்டப்பட்டு அவளையே ஜெயிக்க வைத்திருக்கிறான் மனுஷன்! டீச்சரும் சிரித்துவிட்டார். "எப்படியோ உன்னதுதானேம்மா ஜெயிச்சுது. அதையே போட்டுடுங்க."

தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. மேஜை நிலைத்திருக்கும். அண்ணன் வாயைத் திறக்க முடியாது. ஒரு நொடி அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இருபது வகுப்பில் இருபது பெட்டி பாடும்போது, ஒவ்வொரு தடவையும் இந்த ஒரு நூல் அவள் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்குமே!

"இல்ல டீச்சர். என் மாட்யூல் ஜெயிக்கல, சத்தம்தான் ஜெயிச்சுது. இன்னொரு தடவை கேளுங்க, தயவுசெஞ்சு."

"பைத்தியமா நீ?" என்றாள் அண்ணி.

"பைத்தியம்தான். சுண்டுங்க காசை."

குமிழைக் கோட்டுக்குத் திருப்பினாள், மீட்டரில் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை அண்ணி உள்ளே வேலையை முடிக்கும்வரை மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். அண்ணனைத் தங்கச்சி சட்டையைப் பிடித்தபடியே வைத்திருந்தாள்.

மறுபடி பாட்டு. ஒண்ணு. டக். ரெண்டு. டக். டீச்சர் ரொம்ப நேரம் கேட்டுவிட்டுக் கையை விரித்தார். "ரெண்டும் ஒண்ணாத்தான்மா இருக்கு." தங்கச்சிக்கோ படபடப்பில் தன் இதயம் அடிப்பதைத் தவிர எதுவுமே கேட்கவில்லை. "எனக்குத் தெரியல," என்றாள்.

மிச்சம் இருந்தது அண்ணன் மட்டும். சும்மா சொல்லக் கூடாது, வாய்தான் நீளமே தவிர அவன் காது சுத்தம். தெருவில் நின்றபடியே உள்ளே எந்தப் பெட்டியில் ஸ்க்ரூ லூஸ் என்று சொல்லிவிடுவான். கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான்.

"அந்த ஆரம்பத்தை மறுபடி போடு," என்றான் அண்ணியிடம். போட்டாள். "இன்னொரு தடவை." அதையும் போட்டாள். ஆறு தடவை ஆனது. பொறுமை இழந்து அண்ணி வாயெடுக்கும்போது கண்ணைத் திறந்தான்.

"ரெண்டு."

"என்ன வித்தியாசம்?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுல, 'ச' வர்ற இடத்துல எல்லாம் கொஞ்சம் மணல் கலந்த மாதிரி இருக்கு டீச்சர். ரெண்டுல அது இல்ல. அப்புறம், பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு பிள்ளை மட்டும் தனியா மூச்சு இழுக்குது. ரெண்டுலதான் அது சரியாக் கேக்குது."

டீச்சர் நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அண்ணி மறுபடி தட்டினாள். ரெண்டாவது வந்ததும் டீச்சர் தொடையில் தட்டிக்கொண்டார். "அவதான்! மூணாவது வரிசைக் குட்டச்சி! மூச்சு சத்தம் வரக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணியே வத்திப் போச்சு. வகுப்புல எனக்கு இதுதான் கேக்கணும். எதுவா இருந்தாலும் ரெண்டுதான் எனக்கு வேணும்!"

அண்ணி துணியை எடுத்தாள். வலது பக்கப் பெட்டியை மெதுவாகக் கவிழ்த்தாள்.

சிவப்பு.

இந்தத் தடவை தங்கச்சி கத்தவில்லை. இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் குலுங்கினாள். டீச்சர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அண்ணன் எழுந்து வந்து அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு தன் பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, நேராக அவளுடைய டிசைன் மேஜைக்குப் போனான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செப்புக் கம்பிச் சுருளைக் கையில் எடுத்தான்.

"ஏய், அழுதது போதும், எழுந்து வா," என்றான். "இருபது பெட்டிக்கும் நீ ஒருத்தியே சுத்தினா எப்போ முடியும்? காயில் எப்படிச் சுத்துறதுன்னு எனக்குக் காட்டு."